நோட்டா வேறு, போட மாட்டேன் வேறு: தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். நான் கொங்குப் பக்கத்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வேலையில் இருந்த காலத்தில் தேர்தல் என்று ஒன்று வந்தால் போதும், முந்தின நாளே மெஷினையும் சாக்குப் பையையும் வாங்கிக்கொண்டு ஏதாவது ஓர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போய் இறங்கி, பெஞ்சு மேல் படுத்து எழுந்து, ஓட்டு வாங்கிக்கொண்டு வந்தவன். கடைசியாகப் போனது 2019 மக்களவைத் தேர்தலுக்கு, வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக. அன்றைக்கு ராத்திரி, பதிவான ஓட்டுக் கணக்கை எழுதும் படிவம் 17-சியில் ஒரு வரிக்கு நேராக நான் ஒரு பூஜ்யம் எழுதினேன். அந்தப் பூஜ்யம் பொய். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஏப்ரல் 18, மத்தியானம் மூன்று மணி இருக்கும். வெயிலுக்குப் பயந்து வரிசை ஓய்ந்துபோய் நாலைந்து பேர்தான் நின்றார்கள். அறுபதை ஒட்டிய வயதில் ஓர் அம்மா வந்தார். முதல் அலுவலர் பெயரைச் சத்தமாகப் படித்தார். ஏஜென்டுகள் தங்கள் பட்டியலில் கோடு போட்டுக்கொண்டார்கள். இரண்டாம் அலுவலர் 17-ஏ என்கிற வாக்காளர் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கி, இடது ஆட்காட்டி விரலில் மை வைத்து, சீட்டைக் கொடுத்தார். மூன்றாமவர் சீட்டை வாங்கிக்கொண்டு, கண்ட்ரோல் யூனிட்டில் 'பேலட்' பட்டனை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த அம்மா மறைப்பு அட்டைப் பக்கம் போகவே இல்லை. நேராக என் மேஜைக்கு வந்தார்.

"நான் யாருக்கும் போடலீங்க சார். கையெழுத்துப் போட்டாச்சு, மை வெச்சாச்சு. கெளம்பறனுங்க."

"ஏனுங்கம்மா?" என்று கேட்டேன். அதுவே முதல் தப்பு. ஏன் என்று கேட்க எனக்கு உரிமை கிடையாது. அவரும் காரணம் சொல்லவில்லை.

"யாரும் புடிக்கலீன்னா நோட்டா இருக்குதுங்கம்மா. கடைசிப் பட்டன்."

"அதும் ஒரு ஓட்டுத்தானுங்க? அதையும் நான் போடலீங்க. வராம இருந்தா என்ற பேர்ல வேற எவனாச்சும் போட்ருவான். அதுக்குத்தான் வந்தேன்."

எனக்குப் பதில் வரவில்லை. மூன்றாம் அலுவலர் சின்னப் பையன், அதுதான் அவனுக்கு முதல் தேர்தல். "சார், பேலட் குடுத்துட்டேன், என்ன பண்றது?" என்று எழுந்து நின்றுவிட்டான். ஒரு ஏஜென்ட், "போடாமப் போனா கணக்கு இடிக்கும் சார், பாத்துக்கங்க" என்றார். இன்னொருவர் சிரித்தார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் கைகூப்பாத குறையாகச் சொன்னேன்: "அம்மா, மெஷின் நிக்குது. தயவு பண்ணி எதையாச்சும் ஒன்ன அமுக்கிட்டுப் போயிருங்க."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வாத்தியாரு சொல்றீங்க, போடறனுங்க" என்று உள்ளே போனார். பீப் சத்தம் கேட்டது. வெளியே வரும்போது என் பக்கம் திரும்பவில்லை. எதை அமுக்கினார் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் அமுக்க வைத்தது நான்.

தேர்தல் பணிக்குப் போகாதவர்களுக்கு அந்தக் 'கணக்கு இடிக்கும்' என்ற பேச்சின் பயம் புரியாது. சாயங்காலம் 17-ஏ பதிவேட்டில் எத்தனை பேரோ, மெஷினில் அத்தனை ஓட்டு நிற்க வேண்டும். ஒன்று குறைந்தாலும், ஒன்று கூடினாலும் ராத்திரி பெட்டி ஒப்படைக்கும் இடத்தில் நம்மை ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள். பஸ் போய்விடும். அதனால் தலைமை அலுவலர் என்பவர் நாள் முழுக்க மனசுக்குள் கூட்டிக்கொண்டே இருப்பார். அந்த அம்மா என் கண்ணுக்கு ஒரு வாக்காளராகத் தெரியவில்லை. கணக்கில் உதைக்கப்போகும் ஓர் எண்ணாகத்தான் தெரிந்தார்.

வீட்டுக்கு வந்து நாலைந்து நாள் கழித்துக் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் அதில் இருக்கிறது. தேர்தல் நடத்தை விதிகள் 1961, விதி 49-ஓ. பதிவேட்டில் பெயர் ஏறி, கையெழுத்தும் போட்ட பிறகு ஒருவர் ஓட்டுப் போட வேண்டாம் என்று முடிவு செய்தால், அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. அவர் பெயருக்கு நேராக, குறிப்புக் கட்டத்தில் அதை எழுதி, அவரிடம் ஒரு கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். வரிசை எண்ணைக்கூட மாற்ற வேண்டியதில்லை. 'பேலட்' அழுத்தியாகிவிட்டதா, பரவாயில்லை, அடுத்து நிற்பவரை அந்த ஓட்டைப் போடச் சொல்லலாம். கடைசி ஆளாக இருந்தால்தான் மெஷினை அணைத்துப் போடும் வேலை. சாயங்காலம் 17-சியில், 49-ஓ-வின்படி ஓட்டுப் போடாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று தனியாக ஒரு வரியே இருக்கிறது. அங்கே ஒன்று என்று எழுதியிருந்தால் கணக்கு இடித்திருக்காது. கணக்கு இடிக்காமல் இருக்கத்தானே அந்த வரியை வைத்திருக்கிறார்கள்!

அந்த வரியில்தான் நான் பூஜ்யம் போட்டேன்.

எனக்கு ஏன் அது தெரியாமல் போனது? சோம்பேறித்தனம் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். இன்னொன்றும் உண்டு. நோட்டா வந்த பிறகு 49-ஓ செத்துப்போய்விட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் மட்டுமா? கூட வேலை பார்த்த பத்துப் பேரிடம் பிறகு கேட்டுப் பார்த்தேன். எட்டுப் பேர், "அதுக்குப் பதிலாத்தானே சார் நோட்டா?" என்றார்கள். ஒருவர் 49-பி என்றார். 2018 தீபாவளிக்கு வந்த ஒரு சினிமாவுக்குப் பிறகு இந்தக் குழப்பம் வேறு. 49-பி என்பது நம் ஓட்டை வேறொருத்தன் முன்பே போட்டுவிட்டுப் போயிருந்தால், நமக்குத் தாளில் தனியாகப் போட வழி செய்வது. அதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், நல்ல எண்ணத்திலிருந்துதான் வந்திருக்கிறது.

தாள் ஓட்டுக் காலத்தில் பிரச்சினை இல்லை. போட விருப்பமில்லாதவன் வெறும் தாளை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவான். அல்லது எல்லாச் சின்னத்திலும் குத்திவிடுவான். எண்ணிக்கைப் பணிக்குப் போனபோது அப்படி எத்தனையோ சீட்டு பார்த்திருக்கிறேன். ஒன்றில் 'எங்க ஊருக்கு ரோடு எப்போ?' என்று பேனாவால் எழுதியிருந்தது. செல்லாத ஓட்டுக் கட்டில் சேர்த்தோம். யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகவும் அப்போது விதி இருந்தது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க மெஷின் வந்தது, 2004-ல் நாடு முழுக்க வந்தது. மெஷினில் செல்லாத ஓட்டே போட முடியாது. போட விருப்பமில்லை என்றால் என் மாதிரி ஓர் ஆளிடம் வந்து, ஏஜென்டுகள் காதுபட, வாய்விட்டுச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் ஒருத்தரைப் பகைத்துக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

இதைத் தேர்தல் ஆணையம் அப்போதே கவனித்தது. 2001 டிசம்பரிலேயே, யாருக்கும் இல்லை என்று ஒரு பட்டன் வைக்கலாம் என்று சட்ட அமைச்சகத்துக்கு எழுதியிருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை. 2004-ல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஒன்பது வருஷம் கழித்து, 2013 செப்டம்பர் 27-ல் தீர்ப்பு வந்தது. மூன்று நீதிபதிகள் அமர்வு. தலைமை நீதிபதி சதாசிவம், எங்கள் ஈரோடு மாவட்டத்துக்காரர். அந்த வருஷ டிசம்பரில் ஏற்காடு இடைத்தேர்தலில் நம் மாநிலத்துக்கு முதல் தடவையாக நோட்டா வந்தது.

எங்கள் மாவட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் விசேஷமான மாவட்டம். 1996-ல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் குறையை யாரும் கேட்கவில்லை என்று வேறொரு வேலை செய்தார்கள். ஓட்டைப் புறக்கணிக்கவில்லை, ஆளாளுக்கு வேட்புமனு போட்டுவிட்டார்கள். மொத்தம் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டிவந்தது, தேர்தலையே ஒரு மாதம் தள்ளி வைத்தார்கள். யாரும் வேண்டாம் என்பதை இப்படியும் சொல்லலாம் போலிருக்கிறது.

சரி, தீர்ப்புக்கு வருகிறேன். 49-ஓ ரகசியத்தை உடைக்கிற அளவுக்கு மட்டும் செல்லாது என்றது, விதியையே எடுத்துவிடவில்லை. ஓட்டுப் போடுகிறவருக்கு இருக்கிற ரகசியம் போடாதவருக்கும் வேண்டும் என்றது. ரொம்பச் சரி. அதற்குப் பரிகாரமாக, பூத்துக்கு வந்து எந்த வேட்பாளருக்கும் போடக் கூடாது என்று முடிவு செய்கிறவர்கள், தங்களுடைய 'ஓட்டுப் போடாதிருக்கும் உரிமையை' ரகசியமாகப் பயன்படுத்த மெஷினில் ஒரு பட்டன் வைக்கச் சொன்னது. இங்கேதான் முடிச்சு விழுந்தது. ஓட்டுப் போடாதிருக்கும் உரிமையைப் பயன்படுத்த, ஒரு பட்டனை அமுக்கி, பீப் சத்தம் கேட்டு, எதை அமுக்கினோம் என்று காட்டும் விவிபேட் சீட்டையும் ஏழு வினாடி பார்த்துவிட்டு வர வேண்டும்! பதிவான ஓட்டு எண்ணிக்கையிலும் அது சேரும். அந்த அம்மா ஒரே வரியில் கேட்ட கேள்வியும் இதுதான்: "அதும் ஒரு ஓட்டுத்தானுங்க?"

நான் தமிழாசிரியன், அதனால் இதை வார்த்தையில் வைத்துப் பார்க்கிறேன். நம் மொழியில் மறுப்பதற்கு ஒரே சொல் கிடையாது. 'இல்லை' என்பது இருப்பு பற்றிய செய்தி. 'வேண்டாம்' என்பது விருப்பம் பற்றியது. 'மாட்டேன்' என்றால் செயலையே செய்வதில்லை என்று தீர்மானம். பந்தியில் உட்கார்ந்து, "பாயசம் வேண்டாம்" என்று சொல்பவனும், "சாப்பிட மாட்டேன்" என்று எழுந்துபோகிறவனும், கல்யாணத்துக்கே வராதவனும் ஒன்றா? கல்யாண வீட்டுக்காரருக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். முதல் ஆளைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். இரண்டாவது ஆளைப் பின்னாலேயே போய்க் கையைப் பிடிப்பார். மூன்றாவது ஆள் வீட்டுக்கு மறுநாள் போய் என்ன ஏது என்று விசாரிப்பார்.

நோட்டா என்பது 'வேண்டாம்'. நிற்கிற இந்த ஆட்களில் யாரும் எனக்கு வேண்டாம், ஆனால் தேர்தல் வேண்டும். 49-ஓ என்பது 'மாட்டேன்'. புறக்கணிப்பு என்பது 'வரவில்லை'. 2024-ல் பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரத்துக்காரர்கள் செய்தது அது. மெஷின் வந்து உட்கார்ந்திருந்தது, ஊர் வரவில்லை. அந்தச் செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. ஊராகச் சேர்ந்து சொன்னதால் அது செய்தி ஆனது. தனியாக வந்து மேஜை முன்னால் நின்று சொன்னவருக்கு நான் வைத்தது ஒரு பூஜ்யம்.

சட்டமன்றத்தில் பாருங்கள். உறுப்பினர்கள் எழுந்து போனால் அதற்கு 'வெளிநடப்பு' என்று ஒரு கௌரவமான பெயர் இருக்கிறது. அவைக்குறிப்பில் ஏறும், மறுநாள் பேப்பரில் வரும், எதற்காக என்றும் எழுதுவார்கள். வெளியே வந்து மைக்கும் பிடிப்பார்கள். ஓட்டுப் போடுகிறவர் எழுந்துபோனால் அதற்கு நம்மிடம் பெயரே இல்லை. எண்ணும் எழுத்துமாக, 'நாற்பத்தொன்பது ஓ' என்கிறோம்.

இப்போது நோட்டா என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துச் செய்த சொல் என்பது ஊரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அது தமிழ்ச் சொல் ஆகிவிட்டது. 'நோட்டாவுக்குப் போட்டேன்', 'நோட்டாவுல குத்திட்டேன்' என்கிறார்கள். நான்காம் வேற்றுமை உருபு ஏறியதும் அது ஓர் ஆள் மாதிரி ஆகிவிட்டது, ஒரு கட்சி மாதிரி. என் வகுப்பில் ஒரு பையன், "நோட்டு வாங்கிட்டு நோட்டாவுக்குப் போட்டா தப்பா சார்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. வாங்குவதுதான் தப்பு என்று சொல்லி உட்கார வைத்தேன். அவன் கேட்டது நல்ல கேள்வி என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

2015-ல் அதற்குச் சின்னமும் வந்துவிட்டது. வாக்குச்சீட்டு மேல் பெருக்கல் குறி; அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகம் வரைந்தது. பெயர் இருக்கிறது, சின்னம் இருக்கிறது, வாக்கு எண்ணிக்கையில் தனி வரிசை இருக்கிறது. அப்புறம் மக்கள் அதை ஒரு வேட்பாளர் என்று நினைக்காமல் வேறு எப்படி நினைப்பார்கள்? 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் பாஜகவுக்கு 1,417 ஓட்டு, நோட்டாவுக்கு 2,373. அன்றிலிருந்து 'நோட்டாவுக்குக் கீழே' என்பது தமிழ்நாட்டில் ஒரு வசவு. எல்லாக் கட்சிக்காரர்களும் எதிர்க்கட்சிக்காரரைப் பார்த்துச் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஆனால் அந்த வேட்பாளருக்கு ஜெயிக்கிற உரிமை கிடையாது. இதைத்தான் யாரும் சொல்வதில்லை. நோட்டா முதலிடத்தில் வந்தாலும், வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவர் எம்.எல்.ஏ. ஆகிவிடுவார். டெபாசிட் கணக்குக்குக்கூட நோட்டாவைச் சேர்ப்பதில்லை. டெபாசிட்டைக் காப்பாற்ற வேண்டிய ஆறில் ஒரு பங்கு என்பது வேட்பாளர்களுக்கு விழுந்த செல்லுபடியான ஓட்டில் மட்டும்தான். ஆக, மெஷின் வந்து ஒழித்துக்கட்டிய செல்லாத ஓட்டு, பெயர் மாற்றிக்கொண்டு திரும்ப வந்திருக்கிறது. எண்ணிச் சொல்கிறார்கள் என்பது மட்டும்தான் வித்தியாசம். அது சின்ன வித்தியாசம் என்று நான் சொல்லவில்லை. செல்லாத ஓட்டில் கை தவறிக் குத்தியவனும் இருப்பான், வேண்டுமென்றே குத்தியவனும் இருப்பான். நோட்டாவில் பெரும்பாலும் வேண்டுமென்றே குத்தியவர்கள்தான். 2016 சட்டமன்றத் தேர்தலில் நம் மாநிலத்தில் ஐந்தரை லட்சத்துக்கு மேல் விழுந்தது. 2021-ல் மூன்றரை லட்சத்துக்குள் வந்துவிட்டது. குறைந்தது ஏன் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். போட்டுப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை என்று என்னிடம் சொன்னவர்கள் சிலர் உண்டு.

எதற்காகப் போட்டார்கள் என்பதும் அந்த எண்ணில் தெரியாது. 2014-ல் நாட்டிலேயே அதிகமாக நோட்டா விழுந்த தொகுதி நீலகிரி, 46,559. மூன்றாம் இடம். அந்தத் தேர்தலில் அங்கே பாஜக வேட்பாளரின் மனு தள்ளுபடி ஆகியிருந்தது. அவருக்குப் போட இருந்தவர்கள் எத்தனை பேர், எல்லோர் மேலும் கோபப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று யார் பிரித்துச் சொல்வது? 2024-ல் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் மனுவை வாபஸ் வாங்கிவிட்டார். அந்தக் கட்சியே நோட்டாவுக்குப் போடுங்கள் என்று பிரச்சாரம் செய்தது. 2,18,674 விழுந்தது. அது 'யாரும் வேண்டாம்' கூட இல்லை. 'எங்கள் ஆள் எங்கே?' என்ற கேள்வி. அதே தேர்தலில் சூரத்தில் போட்டியே இல்லாமல் ஒருவர் ஜெயித்ததாக அறிவித்துவிட்டார்கள். வாக்குப்பதிவே இல்லை என்றால் நோட்டா எங்கே அமுக்குவது?

ஹரியானா, மகாராஷ்டிர மாநிலத் தேர்தல் ஆணையங்கள் 2018-ல் தங்கள் உள்ளாட்சித் தேர்தலுக்கு நோட்டாவை ஒரு கற்பனை வேட்பாளராக வைத்துக்கொண்டன. அது முதலிடம் வந்தால் மறுதேர்தல். நம் ஊரில் 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் மெஷினில் நோட்டாவே இல்லை. அது உங்கள் அலுவலகம் நடத்திய தேர்தல் இல்லை, மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்தியது என்பது எனக்குத் தெரியும். ஆனால் பூத்துக்கு வருகிறவருக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? போன தடவை இருந்த பட்டன் இந்தத் தடவை எங்கே என்றுதான் கேட்பார். அங்கேயும் என் மாதிரி ஒருத்தன் முழித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பான்.

சட்டத்தை மாற்றுங்கள் என்று உங்களைக் கேட்கவில்லை. அது நாடாளுமன்றத்தின் வேலை. உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறேன்.

தேர்தல் வந்தால் கோலப்போட்டி வைக்கிறீர்கள், பலூன் விடுகிறீர்கள், நூறு சதவீத வாக்குப்பதிவு என்று எங்கு பார்த்தாலும் எழுதி வைக்கிறீர்கள். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அந்த ஊர்வலத்தில் நானும் நடந்திருக்கிறேன். அதில் நோட்டா என்றால் என்ன செய்யும், என்ன செய்யாது என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். அமுக்கினால் எண்ணுவோம், ரகசியமாக இருக்கும், ஆனால் முடிவு மாறாது, டெபாசிட்டும் மாறாது. இதைச் சொன்னால் நோட்டா குறைந்துவிடும் என்றோ கூடிவிடும் என்றோ பார்க்க வேண்டாம். தெரிந்து அமுக்கட்டும்.

தமிழில் அதை 'மேற்கண்ட எவருமில்லை' என்ற மாதிரி எழுதுகிறார்கள். பூட்டின வீட்டு வாசலில் நின்று சொல்கிற மாதிரி இருக்கிறது. மேலே பத்துப் பதினைந்து பேர் போட்டோவோடு இருக்கும்போது, எவருமில்லை என்றால் என்ன அர்த்தம்? 'யாரும் வேண்டாம்' என்று போட்டால் படிக்கத் தெரிந்த எந்தப் பாட்டிக்கும் புரியும். இது டெல்லியில் முடிவாக வேண்டியதாக இருக்கலாம். எழுதிக் கேட்கவாவது செய்யுங்கள்.

49-ஓ-வுக்குக் குறிப்புக் கட்டத்தில் எழுத இரண்டு வாசகம் கையேட்டில் இருக்கிறது. ஒன்று 'வாக்களிக்க மறுத்தார்', இன்னொன்று 'வாக்களிக்காமல் சென்றார்'. முதலாவது போலீஸ் ஸ்டேஷனில் எழுதுகிற மாதிரி இருக்கிறது. ஊரில் நாளைக்கு எவனாவது அந்த அம்மாவைப் பார்த்து, "நீதானே மறுத்தவ?" என்பான். இரண்டாவதை மட்டும் வைத்துக்கொள்ளலாமே. எழுதுவதைத் தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். அவர் கையெழுத்துப் போடப்போகிற வரியை அவரே படித்துவிட்டுப் போடட்டும்.

ரகசியம் பற்றி ஒரு வார்த்தை. 49-ஓ-வில் ரகசியம் இல்லை என்பது உண்மைதான், நீதிமன்றம் கவலைப்பட்டதும் நியாயம்தான். ஆனால் அந்த அம்மாவுக்கு ரகசியம் தேவைப்படவில்லை. நாலு ஏஜென்ட் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். ஒருவேளை அவர்கள் காதில் விழட்டும் என்றே சொல்லியிருக்கலாம். மறைப்பு அட்டைக்குப் பின்னால் போய்ச் சொல்ல விரும்புகிறவருக்கு நோட்டா இருக்கிறது. எல்லார் முன்னாலும் சொல்ல விரும்புகிறவருக்கும் ஒரு வழி திறந்திருக்கட்டும். அந்த வழி விதியில் இருக்கிறது, மேஜையில் இல்லை.

வாக்கு எண்ணி முடித்ததும் தொகுதிவாரியாக நோட்டா எண்ணிக்கையை வெளியிடுகிறீர்கள், நன்றி. அதன் பக்கத்திலேயே 49-ஓ எண்ணிக்கையையும் போடுங்கள். ஒவ்வொரு பூத்தின் 17-சியிலும் அந்த எண் இருக்கிறது, கூட்டிப் போட வேண்டியதுதான். அதில் என்னுடையது மாதிரி பொய்ப் பூஜ்யங்கள் எத்தனை என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் வெளியே வரப்போகிற எண் என்று தெரிந்தால், எழுதுகிறவன் பேனா கொஞ்சம் யோசிக்கும்.

கடைசியாக, பயிற்சி வகுப்பு. மெஷினைப் பூட்டுவது, சீல் வைப்பது, காலையில் மாதிரி வாக்குப்பதிவு என்று எல்லாம் செய்து காட்டினார்கள். குருடருக்கு யார் துணைக்குப் போவது, கர்ப்பிணி வந்தால் என்ன என்று சொன்னார்கள். ஒருவர் வந்து, நான் போட மாட்டேன் என்றால் என்ன செய்வது என்று நான் போன எந்த வகுப்பிலும் செய்து காட்டவில்லை. நானும் கேட்கவில்லை, மத்தியானச் சாப்பாட்டு டோக்கன் எங்கே கொடுக்கிறார்கள் என்றுதான் கேட்டேன். அடுத்த தடவை ஒவ்வொரு வகுப்பிலும் ஓர் ஆசிரியையை எழுப்பி விடுங்கள். 17-ஏயில் கையெழுத்துப் போட்டு, மை வைத்துக்கொண்டு, மூன்றாம் அலுவலர் 'பேலட்' அமுக்கிய பிறகு, தலைமை அலுவலர் மேஜைக்கு வந்து, "நான் போடலீங்க சார், கெளம்பறனுங்க" என்று சொல்லட்டும். ஏஜென்ட் மாதிரி ஒருவர், கணக்கு இடிக்கும் என்று கத்தட்டும். தலைமை அலுவலராக உட்கார்ந்திருப்பவர் ஏன் என்று கேட்காமல், பதிவேட்டைத் திருப்பி, குறிப்புக் கட்டத்தில் எழுதி, பேனாவை அவர் பக்கம் நீட்டிப் பழகட்டும். ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
ஈரோடு மாவட்டம்